மேலே நின்ற பதினான்கு

அன்றைக்கு அந்த மொட்டை மாடியில் இருந்தவர்கள்: மாடிக்கும் கூண்டுக்கும் சொந்தக்காரரான இன்னாசி; அவர் மனைவி பிலோமி; போட்டிக்கு நடுவராக வந்து, தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சந்தியாகு; மூன்று வீடு தள்ளிப் புறா வளர்க்கும் தையற்காரர் மைதீன்; எதிர்வீட்டில் புறா வளர்க்கும் பெர்க்மான்ஸ்; பக்கத்து வீட்டில் புறா வளர்க்கும் மளிகைக்கடைக் காசித்துரை. காசித்துரை இந்த மாடியில் இல்லை, தன் மாடியின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார். ஆனால் இரண்டு மாடிகளுக்கும் நடுவே ஒரு கை நீளம்தான் இடைவெளி என்பதால் அவரையும் இருந்தவர்களில் சேர்ப்பதே சரி. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒரு பூனை. கூண்டுக்குள் பதினான்கு புறாக்கள். பதினைந்து என்பதுதான் உண்மை. ஆனால் அன்று தொடங்கி அந்தத் தெருவில் யாரும் பதினைந்து என்று சொல்லவில்லை என்பதால் அதற்குப் பிறகு வரலாம்.

தூத்துக்குடியில் உப்புக் கிட்டங்கிகளுக்கும் மாதா கோயில் மணிக்கூண்டுக்கும் இடைப்பட்ட அந்தத் தெருவில் நான்கு பேர் பந்தயப் புறா வளர்த்தார்கள். பந்தயம் எளிதானது, ஒரு நாளைக்கு ஒரு வீட்டுக் கூண்டு. விடியும்போது கூண்டைத் திறந்துவிட வேண்டும், புறாக்கள் மேலேயே பறந்துகொண்டிருக்க வேண்டும், கடைசியாக இறங்குகிற புறாவுக்குப் பரிசு. ஆனால் விளக்கு வைப்பதற்குள் தன் சொந்த மாடியில் இறங்கிவிட வேண்டும். கடைசிப் புறா இறங்குகிறவரை நடுவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. இந்த விதிகளை யார் எழுதினார்கள் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் யாரும் மீறியதில்லை.

எழுதாத விதி இன்னொன்று இருந்தது. வழி தவறியோ, காற்று தள்ளியோ, ஆசைப்பட்டோ ஒருவர் புறா இன்னொருவர் மாடியில் இறங்கிவிட்டால், பிடித்தவருக்கே அது சொந்தம். பிடித்தவர் பிடித்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. தொலைத்தவர் தொலைத்தேன் என்று சொல்லவே மாட்டார். புறாக்காரன் ஒருவன் தன் புறா இன்னொருவன் மாடியை விரும்பிப் போனது என்று வாய்விட்டுச் சொல்வதைவிட, தன் மனைவி தாய் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று சொல்லுவது எளிது.

அந்தத் தை மாதம் வாடைக்காற்று முறுக்கி அடித்த ஒரு நாளில், காசித்துரையின் சாம்பல் பொட்டை ஒன்று, இடது இறக்கையில் ஒற்றை வெள்ளை இறகு உள்ளது, இன்னாசியின் மாடியில் இறங்கியது. இன்னாசி ஐஸ் கம்பெனியில் தொட்டி பார்க்கிறவர். பத்துப் பேருக்கு நடுவே வாய் திறக்கக் கூச்சப்படுகிற மனிதர். அவர் வாழ்க்கையில் அதுவரை எதையும் ஜெயித்ததில்லை. அவர் அந்தப் புறாவைத் துண்டு போட்டுப் பிடித்தார், இறகை நூலால் கட்டினார், பிடித்த சந்தோஷத்தில் அன்றைக்கே தன் பதினான்கோடு சேர்த்துக் கூண்டுக்குள் விட்டுவிட்டார். புதிதாக வருகிற புறாவைத் தனியே அடைத்துவைத்து, மூன்று வாரம் அதன் எச்சத்தைப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் தனிக்கூண்டில் வைத்தால் பக்கத்து மாடிக்குத் தெரியும். பிடித்த புறாவைக் கூட்டத்தில் மறைக்கிற இந்தத் தவறை அந்தத் தெருவில் நான்கு பேருமே செய்திருந்தார்கள்.

பங்குனி வருவதற்குள் கூண்டு முழுவதும் வாடிவிட்டது. தீனி இரட்டிப்பாகத் தின்றன, ஆனால் கையில் எடுத்தால் காற்றை எடுத்த மாதிரி இருந்தது. நெஞ்செலும்பு கத்தி முனைபோலத் துருத்தியது. எச்சம் பச்சைத் தண்ணீராகப் போனது. காலையில் விட்டால் வெயில் ஏறுவதற்குள் இறங்கிவந்து கண்ணை மூடிக்கொண்டன. இன்னாசி எச்சத்தை வாழை இலையில் பொதிந்து, ஐஸ் துண்டு வைத்து, கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டரம்மா நுண்ணோக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார்.

“குடல் நிறையப் புழு. உருண்டைப்புழு இருக்கு, முடி மாதிரி மெல்லிசான புழுவும் இருக்கு. புதுசா எந்தப் புறாவையாவது உள்ள விட்டீங்களா?”

“இல்ல டாக்டர்,” என்றார் இன்னாசி.

அவர் சொன்ன ஒரே பொய் அது. மற்றபடி டாக்டரம்மா சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்தார். முதல் நாள் சாயங்காலமே தண்ணீர்ச் சட்டியைக் கவிழ்த்துவைத்தார். மறுநாள் காலையில் தாகத்தோடு இருக்கும்போது, மருந்து கலந்த தண்ணீரை மட்டும் வைத்தார். இரண்டு புறாக்கள் கக்கின. அது மருந்தின் குணம், பயப்பட வேண்டாம் என்று டாக்டரம்மா முன்னமே சொல்லியிருந்தார். சாயங்காலம் எச்சத்தோடு விழுந்த புழுவை இன்னாசி வாளியில் அள்ளி மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தார். ஒரு வாரத்தில் புறாக்களின் கண் பழையபடி மிளகுபோல் மின்னியது. பிடித்த புறாவும் தெளிந்துவிட்டது. இனி இங்கேதான் என்று நம்பி அதன் நூலை அறுத்துவிட்டார்.

சித்திரை மாதப் போட்டியன்று கூண்டைத் திறந்தபோது அதுவும் பதினான்கோடு சேர்ந்து பறந்துவிட்டது. சந்தியாகு விரலை நீட்டி எண்ணினார், பதினைந்தில் வந்து நின்றார், பக்கத்து மாடியில் சாய்ந்திருந்த காசித்துரையின் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் சுவரைப்போல இருந்தது. சந்தியாகு மரியாதை தெரிந்த மனிதர். “பதினாலு,” என்றார்.

அன்று மாலை புறாக்கள் இறங்கவில்லை. ஓடிப்போகவும் இல்லை. மதியம்வரை வட்டம் போட்டவை, வெயில் தாழ்ந்தபோது வீட்டுக்கு மேலே, ஒரு பனை உயரத்தில், இறக்கையை விரித்தபடியே நின்றுவிட்டன. கொடியில் காயப்போட்ட துணி காற்று இல்லாத நேரத்தில் நிற்குமே அப்படி நின்றன. இறக்கை அசையவில்லை. தலை மட்டும் அப்படியும் இப்படியும் திரும்பிக் கீழே பார்த்தது.

“இறங்கச் சொல்லும்வே,” என்றார் பெர்க்மான்ஸ்.

இன்னாசி விசிலடித்தார். அவர் விசில் அவர் புறாக்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அழைப்பு உண்டு, மைதீன் கை தட்டுவார், பெர்க்மான்ஸ் நாக்கைச் சொடுக்குவார், காசித்துரை சோளம் போட்ட பிஸ்கட் டின்னைக் குலுக்குவார். விசில் கேட்டுப் பதினான்கும் தலையைச் சாய்த்தன. பதினைந்தாவது சாய்க்கவில்லை. ஒன்றும் இறங்கவில்லை.

“மருந்து கிருந்து குடுத்தீரா?” என்று மைதீன் காதோடு கேட்டார். இன்னாசி தலையை ஆட்டினார். ஆமாம் என்பதற்கா இல்லை என்பதற்கா என்று அவருக்கே விளங்கவில்லை.

தெருவிளக்கு எரிந்தது. சந்தியாகு நாற்காலியில் அசையாமல் இருந்தார்.

“எழுந்திருங்க சந்தியாகு அண்ணே, வீட்டுக்குப் போவோம்,” என்றார் மைதீன்.

“எப்படிப்பா போக? இறங்கினா இறங்கின நேரத்தச் சொல்லலாம். ஓடிப்போனா தோத்துப்போச்சின்னு சொல்லலாம். இது நிக்குதுல்லா. நிக்கிறதுக்கு நம்ம விதியில எடமே இல்ல. கடைசிப் புறா இறங்குறவர எனக்கு எழுந்திருக்க அதிகாரம் இல்ல.”

ஆகவே சந்தியாகு அங்கேயே இருந்தார். மறுநாளும் இருந்தார், அதற்கடுத்த வாரமும் இருந்தார். அவர் மனைவி மாற்று வேட்டி கொண்டுவந்து கொடுத்தாள். பிலோமி மூன்று வேளையும் சோறு போட்டாள், மீன் குழம்பில் புளி கூடிவிட்டது என்று அவர் குறை சொல்லும் அளவுக்கு அந்த மாடி அவருக்குப் பழகிவிட்டது. நாவிதர் மாடிக்கு வந்து சவரம் செய்துவிட்டார். கக்கூசுக்குப் போகும்போது நாற்காலியைப் பிடித்தபடியே நடந்து போனார். அது எழுந்ததாகாது என்று நான்கு புறாக்காரர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

தெருவும் பழகிவிட்டது. சித்திரை வெயிலில் தார் உருகும் அந்தத் தெருவில், புறாக்களின் நிழல் வட்ட வட்டமாக விழுந்தது, ஒவ்வொன்றும் ஒரு சுளகு அகலம், அவை நின்ற உயரத்துக்கு அத்தனை பெரிய நிழல் விழக் கூடாது, ஆனால் விழுந்தது. மீன்காரி சூசையம்மா வெள்ளைப் புறாவின் நிழல்தான் அதிகக் குளிர்ச்சி என்று அதில் கூடையை இறக்கினாள், நகர நகரக் கூடையையும் நகர்த்தினாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிழலிலிருந்து நிழலுக்குத் தாவிப் போனார்கள். மின்வாரியத்துக்காரர் ஒருவர் வந்து அண்ணாந்து பார்த்து, கம்பியில் படவில்லை, எனவே இது எங்கள் இலாகா அல்ல என்று சொல்லிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பங்குச்சாமியார், நம் தெருவுக்கு மேலே நிற்கும் பதினான்கு ஜீவன்களுக்காகவும் மன்றாடுவோம் என்றார். எல்லாரும் மன்றாடினார்கள். பதினைந்து நிழலிலும் நின்று வியர்வை துடைத்தவர்கள் பதினான்கு என்றே மன்றாடினார்கள், ஏனென்றால் மளிகைக்கடை எல்லாருக்கும் பக்கத்தில் இருந்தது, காசித்துரை நல்ல மனிதர், அவரை எதற்கு நோகடிக்க வேண்டும்?

இன்னாசிக்கு மட்டும் பழகவில்லை. தினமும் விடிந்ததும் எண்ணினார். பதினைந்து வந்தது. மத்தியானம் எல்லாரும் பதினான்கு என்று பேசுவதைக் கேட்டுவிட்டு எண்ணினால் பதினான்கு வந்தது. மாலையில் விரலை மடக்கி எண்ணினால் மறுபடி பதினைந்து. இதைவிட இன்னொன்று அவரைக் கலக்கியது. முதல் நாள் பனை உயரத்தில் நின்றவை, அடுத்த வாரம் கோயில் மணிக்கு நேராக நின்றன. அதற்கடுத்த வாரம் சிலுவைக்கு நேராக நின்றன. தினமும் ஒரு சாண் ஏறிக்கொண்டிருந்தன. கூண்டில் ஒரு ஜோடி விட்டுப்போன இரண்டு முட்டைகள் குளிர்ந்து கிடந்தன.

“இஞ்சேருங்க, கொஞ்சம் கொஞ்சமா மேல போகுதுல்லா,” என்றாள் பிலோமி ஒருநாள், துணி உலர்த்தியபடி.

“ஆமா.”

“இப்படியே போனா?”

இன்னாசி அண்ணாந்து விரலை நீட்டினார். இப்படியே போனால் ஒருநாள் எண்ண முடியாமல் போகும் என்பது அவருக்குத் தெரியும். மருந்தைத் தான்தான் கூட்டிக் கலந்துவிட்டோமோ, புழுவோடு சேர்த்து வேறு எதையாவது வெளியே எடுத்துவிட்டோமோ, பாரம் என்பதும் புழுவில்தான் இருந்ததோ என்றெல்லாம் ஐஸ் தொட்டியைப் பார்த்துக்கொண்டே நினைத்தார். கடைசியில் டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தார். அவர் ஸ்கூட்டியில் தெருவுக்கே வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து, நெடுநேரம் பார்த்தார்.

“எச்சம் விழுதா?”

“விழுது டாக்டர்.”

“கொண்டுவாங்க.”

மறுநாள் ஆஸ்பத்திரியில் கண்ணாடியிலிருந்து தலையை எடுத்தவர், “இவ்வளவு சுத்தமான எச்சத்தை நான் பாத்ததே இல்ல. மருந்து அளவெல்லாம் சரிதான். உங்க புறாவுக்கு ஒண்ணும் இல்லை,” என்றார்.

“அப்ப ஏன் டாக்டர் இறங்க மாட்டேங்குது?”

“அது எனக்குத் தெரியாது. நான் படிச்சதுல இல்லை. ஆனா ஒண்ணு. மருந்து வயித்துல இருக்கிற புழுவைத்தான் எடுக்கும். தரையில கிடக்கிற முட்டையை எடுக்காது. ஈரத்துல அது பழுத்து, தீனியோட மறுபடி உள்ள போகும். தரையைச் சுரண்டினீங்களா?”

சுரண்டவில்லை. அன்றே இன்னாசி கொத்தனாரின் கரணை ஒன்றை இரவல் வாங்கி, கூண்டின் தரையைச் சிமெண்டு தெரியும்வரை சுரண்டினார். ஒழுகிக்கொண்டிருந்த தண்ணீர்ச் சட்டியை மாற்றினார், அதன் கீழேதான் தரை எப்போதும் நசநசவென்று இருந்தது. தீனியைத் தரையில் இறைக்காமல் தொட்டியில் போடும்படி ஏற்பாடு செய்தார். நாள் முழுக்க வெயில் படும்படி கூரைத் தகட்டைக் கழற்றினார். மாலையில் நிமிர்ந்தபோது சந்தியாகு நாற்காலியிலிருந்து, “இன்னாசி, மேல பாரும்,” என்றார்.

புறாக்கள் இறங்கியிருந்தன. கொஞ்சம்தான், ஒரு ஆள் உயரம். பதினைந்து தலைகளும் சுரண்டிய தரையையே பார்த்தன. இன்னாசி கரணையைக் கீழே வைத்தார். அந்த நேரம் பார்த்துக் காசித்துரையின் ஆண் புறா ஒன்று இந்தப் பக்கம் தாவி, கூண்டின் விளிம்பில் உட்கார்ந்து, பச்சையாக, தண்ணீராகக் கழிந்துவிட்டுப் போனது. மேலே நின்றவை அதைப் பார்த்தன. பிறகு எல்லாம் ஒன்றாக, சத்தமில்லாமல், இறங்கியதற்கு இரண்டு பங்கு ஏறிவிட்டன.

“பாத்தீரா?” என்றார் இன்னாசி.

“நான் நடுவர்வே,” என்றார் சந்தியாகு. “பாத்ததப் பாத்தேன்னு சொல்லுவேன். அதுக்கு மேல என்னக் கேக்காதீரும்.”

ஆக நான்கு மாடியும் ஒரே நாளில் சுத்தமாக வேண்டும், நான்கு கூண்டுக்கும் ஒரே நாளில் மருந்து வைக்க வேண்டும். புறாவுக்கு மாடிச்சுவர் ஒரு பொருட்டில்லை. இதைச் சொல்ல இன்னாசி முதலில் மைதீனிடம் போனார். மைதீன் மெஷினை மிதித்தபடியே சிரித்தார்.

“என் புறாவுக்குப் பப்பாளி வெத அரச்சுக் குடுக்கேன் அண்ணே. புழு வந்தா அதுக்குத்தான் வயித்து வலி வரும்.”

“ஒண்ணே ஒண்ண எடுத்து நெஞ்சத் தடவிப் பாரும்.”

மைதீன் மாடிக்குப் போய் ஒன்றை எடுத்தார். தடவினார். சிரிப்பு நின்றது. “ரம்பம் மாதிரில்லா இருக்கு,” என்றார் மெதுவாக. பெர்க்மான்ஸ் பூண்டுச்சாறு கொடுப்பதாகச் சொன்னார், அவர் புறாவையும் தடவிப் பார்த்தார்கள், அதுவும் ரம்பம். ஆனால் இருவரும் ஒரே பேச்சாகச் சொன்னார்கள்: “காசித்துரை அண்ணாச்சி செய்தா நாங்களும் செய்யுதோம். நாங்க மட்டும் செய்தா, அடுத்த போட்டியில அவர் எங்களப் புழுப்புறாக்காரன்னுதான் கூப்பிடுவாரு. பேரு தெருவுக்கே நிலைச்சுப்போகும்.”

காசித்துரையின் கடையில் அன்று புளி வாங்க ஒரு அம்மா நின்றிருந்தாள். இன்னாசி மூன்று தடவை தொண்டையைக் கனைத்தார்.

“அண்ணாச்சி. மேல பதினஞ்சு நிக்குது.”

புளி வாங்க வந்தவள் தரையைப் பார்த்தாள். காசித்துரை துவரம்பருப்பை நிறுத்துக்கொண்டே, “பதினாலு,” என்றார்.

“தை மாசம் வாடையில உங்க சாம்பப் பொட்ட என் மாடியில இறங்கிச்சு. நான் பிடிச்சேன். அது தப்புன்னு சொல்லல, நம்ம வழக்கம்தான். ஆனா அதோட வயித்துல புழு இருந்துச்சு அண்ணாச்சி. உங்க கூண்டுலயும் இருக்கும். நாம நாலு பேரும் ஒரே நாள்ல மருந்து வச்சா—”

“என் புறா எதுவும் தொலையலவே. இருவது இருந்துச்சு. இருவது இருக்கு.”

“என் மாடியில இருந்து தினமும் பாக்கேன் அண்ணாச்சி. பத்தொம்பது.”

தராசு ஆடாமல் நின்றது. காசித்துரை பருப்பைப் பொட்டலம் கட்டி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “உப்புக் காத்துல கண்ணு கெட்டுப்போச்சு உமக்கு,” என்றார். “ஐஸ் கம்பெனியில எண்ணுறதோட நிறுத்திக்கிடும்.”

இன்னாசி வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல், கூண்டுக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்தார். தான் பிடித்ததை ஊரறியச் சொல்லியாகிவிட்டது. தொலைத்தவர் இல்லாமல் பிடித்தவர் மட்டும் எப்படி இருக்க முடியும்? தான் சொன்னதுதான் பொய்யோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. பக்கத்து மாடியில் காசித்துரையின் கூண்டில் இருபது பொந்துகள் இருந்தன, இருபதிலும் வைக்கோல் புதிதாக இருந்தது, காலியான பொந்துக்கும் அவர் தினமும் புது வைக்கோல் மாற்றுகிறார் என்பதை இன்னாசி பார்த்திருக்கிறார். அதை யாரிடமும் சொல்லவில்லை.

பிலோமி சேலையை உதறிச் செருகிக்கொண்டு எழுந்தாள். கடைக்குப் போனாள்.

“நாலு கூண்டுத் தரைக்குச் சுண்ணாம்பு வேணும் அண்ணாச்சி. நாலு பொட்டலமாக் கட்டுங்க.”

“நாலா? மூணுல்லாம்மா வரும்.”

“எனக்குக் கணக்கு வராது அண்ணாச்சி. நாலாவே கட்டிருங்க.”

காசித்துரை நாலு பொட்டலம் கட்டினார். பிலோமி மூன்றை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

“ஏம்மா, ஒண்ண விட்டுட்டுப் போறியே.”

“கை கொள்ளல,” என்றாள் பிலோமி, திரும்பாமல். “அங்கயே இருக்கட்டும்.”

அது அங்கேயே இருந்தது. வாங்க வந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள், யாரும் அது யாருடையது என்று கேட்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் பக்கத்து மாடியிலிருந்து தகரத்தால் சிமெண்டைச் சுரண்டும் சத்தம் கேட்டது. இன்னாசி எட்டிப்பார்க்கவில்லை. சந்தியாகு, நாற்காலியில் இருந்தபடியே பார்க்கக்கூடிய இடத்தில் இருந்தும், கோயில் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் நான்கு மாடிகளிலும் தண்ணீர்ச் சட்டிகள் கவிழ்ந்தன. மறுநாள் விடியலில் நான்கு மாடிகளிலும் மருந்துத் தண்ணீர் வைத்தார்கள். மைதீனின் புறா ஒன்று கக்கியதைக் கண்டு அவர் அலறியடித்து ஓடிவர, இன்னாசி அவரை உட்காரவைத்து மோர் கொடுத்தார். விழுந்ததையெல்லாம் அள்ளி எரித்தார்கள். காசித்துரை முதுகைக் காட்டியபடி கூட்டினார், நெடுநேரம் கூட்டினார், அவ்வளவு கூட்ட அங்கே இருந்தது. சுண்ணாம்பு தூவியதும் நான்கு மாடிகளும் உப்பளம்போல வெள்ளையாகிவிட்டன.

உடனே ஒன்றும் நடக்கவில்லை. மருந்துக்குத் தப்பிய முட்டை பொரித்துக் குஞ்சுப்புழு வளர மூன்று வாரம், அதற்குப் பிறகு இன்னொரு தடவை மருந்து, அதுவரை தரை காய்ந்தே இருக்க வேண்டும். ஆடியில் இறகு உதிர்ந்து முளைக்கும் காலம் வந்துவிட்டால் கொடுக்கக் கூடாது, முளைக்கிற இறகு நெளிந்துவரும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மேலே நின்றவை சாண் கணக்கை விட்டுப் பனைக் கணக்கில் ஏறிக் கடுகுபோல ஆகிவிட்டன. நிழல்கள் கொட்டைப்பாக்கு அளவுக்குச் சுருங்கி, பிறகு காணாமலே போயின. சூசையம்மா கூடையைப் பழையபடி வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய்விட்டாள். பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பதை விட்டார்கள். பூசையில் மன்றாட்டும் நின்றது. இன்னாசி எண்ண முயன்று, கண் நீர் வழிந்து, எண்ணிக்கை ஒருநாள் ஒன்பதும் ஒருநாள் முப்பதுமாக வந்து, விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

ஆனி முடியும் முன் இரண்டாம் தடவை மருந்து வைத்தார்கள். நான்காவது நாள் மாலையில், இன்னாசி கூண்டைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, தோளில் ஏதோ பட்டது. வெள்ளைப் புறா. தோளில் இறங்கி, அங்கிருந்து தரைக்கு இறங்கி, நேற்றுத்தான் போனதுபோலத் தன் பொந்துக்குள் நுழைந்து, குளிர்ந்த முட்டைகளைப் பார்த்து, அவற்றைக் காலால் தள்ளிவிட்டு உட்கார்ந்தது. அதன் பின்னால் மயிலை, அதன் பின்னால் செவலை ஜோடி, பிறகு ஒவ்வொன்றாக. கையில் எடுத்தால் நெஞ்சு திரண்டு, கனமாக இருந்தன. இன்னாசி விரலை மடக்கவில்லை. சந்தியாகுதான் எண்ணினார், தெருவுக்கே கேட்கும்படி எண்ணினார்.

“பதினாலு! கடைசிப் புறா இறங்கியாச்சி!”

தெருவில் கை தட்டினார்கள். மைதீன், “அப்ப இன்னாசி அண்ணனுக்குத்தான பரிசு?” என்று கேட்டார்.

“விளக்கு வைக்கிறதுக்கு முந்தி இறங்கணும்கிறது விதி,” என்றார் சந்தியாகு. “எத்தன விளக்கு வச்சாச்சி! செல்லாது.” அவர் எழுந்தார். முழங்கால் இரண்டும் நெட்டி முறித்தன. நாற்காலியும் கொஞ்ச தூரம் அவரோடு ஒட்டிக்கொண்டு எழுந்தது. அதைப் பிடுங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு படியிறங்கி வீட்டுக்குப் போனார்.

பதினைந்தாவதும் இறங்கியிருந்தது, பனை உயரம்வரை. அங்கே, இன்னாசி மாடிக்கும் காசித்துரை மாடிக்கும் நடுவே அந்த ஒரு கை இடைவெளிக்கு நேர்மேலே, நின்றுவிட்டது. கீழே இரண்டு தரையும் சுத்தமாகத்தான் இருந்தன. இன்னாசி விசிலடித்தார். அது தலையைச் சாய்க்கவில்லை. மறுநாள் பார்த்தபோது ஒரு சாண் ஏறியிருந்தது. அதற்கு மறுநாள் இன்னொரு சாண்.

தெருவில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பதினாலும் வந்துவிட்டது, நல்லதாகப் போயிற்று என்று சொன்னார்கள். சூசையம்மா ஒற்றை நிழலைச் சுற்றிக்கொண்டு போனாள், மிதிக்கவில்லை, கூடையை அதில் வைக்கவும் இல்லை. ஒருவேளை கண்தான் கெட்டுப்போய்விட்டதோ என்று இன்னாசி மறுபடி குழம்பினார். பிலோமியைக் கேட்கலாம் என்று நினைத்தார். அவளும் பதினாலு என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று கேட்கவில்லை.

கோயில் மணி உயரத்துக்கு அது ஏறிய அன்று சாயங்காலம், காசித்துரை கடையை நேரத்தோடு அடைத்துவிட்டு, அந்த ஒரு கை இடைவெளியைத் தாண்டி முதல்முறையாக இன்னாசியின் மாடிக்கு வந்தார். கூண்டைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். தண்ணீர்ச் சட்டியை இடது கையால் நகர்த்தி, அது இருந்த இடத்தில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். “நல்லாக் காயவச்சிருக்கீரு,” என்றார். பிறகு அரிசி விலையைப் பற்றிப் பேசினார், உப்புக்கு இந்த வருஷம் வெயில் நல்ல வெயில் என்று பேசினார். அவருடைய வலது கை சட்டைக்குள் இருந்தது. சட்டைக்குள்ளிருந்து பிஸ்கட் டின்னின் மூலை துருத்திக்கொண்டிருந்தது, சோளம் குலுங்கிச் சத்தம் வந்துவிடாமல் அதை நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தார்.

பேச்சு தீர்ந்தது. அவர் அண்ணாந்து பார்க்கவில்லை. கைப்பிடிச் சுவரையே பார்த்துக்கொண்டு, விலை கேட்கிற குரலில் கேட்டார்.

“மேல எத்தனவே நிக்குது?”

ஒன்றும் இல்லை என்று சொன்னால் அவர் டின்னோடு கௌரவமாகத் திரும்பிப் போவார். நாளைக்கு அது இன்னொரு சாண் ஏறும். இன்னாசி நிமிர்ந்து பார்த்தார், விரலை நீட்டினார், தவறிவிடக் கூடாதென்று மெதுவாக, முதலிலிருந்து எண்ணினார்.

“ஒண்ணு, அண்ணாச்சி.”

காசித்துரை சட்டைக்குள்ளிருந்து டின்னை வெளியே எடுத்தார்.